அம்மோனியம் ஸல்பேட் உரம்: அதன் குணமும், உபயோகமும், கையாளும் விதமும்

நெற்பயிருக்கு மேலுரம் இடும் காலம் வந்தவுடன் கடையில் முதலாவதாக விசாரிக்கப்படும் பொருள் இக்காலத்தில் யூரியாவாகவே இருக்கிறது. எனினும், யூரியா பெருவாரியாகப் பரவுவதற்கு முன்னரே விவசாயிகளின் கைக்கு வந்து, கிராமங்களில் வெறுமனே "உப்பு" என்ற பெயரால் வழங்கி வந்தது அம்மோனியம் ஸல்பேட் ஆகும். சில நிலங்களுக்கும் சில பயிர்களுக்கும் இன்றும் இதுவே ஏற்றது. ஆனால் பார்வைக்குச் சர்க்கரையையோ கறியுப்பையோ ஒத்திருக்கும் காரணத்தால், இதனைச் சாமான்யப் பொருளாக எண்ணி, கண்ட இடத்தில் வைத்து, கண்டவற்றுடன் கலந்து, பணத்தையும் சில வேளைகளில் மாட்டையும் இழப்பவர் உண்டு. அந்த நஷ்டங்கள் யாவும் தடுக்கக் கூடியவையே. ஆகையால் இவ்வுரத்தின் இயல்பைச் சற்று விரிவாகவே அறிந்து கொள்ளுதல் நலம்.

அம்மோனியா என்பது மூக்கைத் துளைக்கும் காரமான ஆவி. அதனைக் கந்தகத் திராவகத்தில் பிடித்து உலர்த்தினால் கிடைக்கும் வெண்ணிறப் பரல்களே அம்மோனியம் ஸல்பேட். ஆதியில் நிலக்கரியை மூடிய உலைகளில் வாட்டி வாயு எடுக்கும் இடங்களில் இது உபபொருளாகக் கிடைத்தது. 1913-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து ஓப்பௌ என்னும் ஊரில், ஆகாயத்திலுள்ள நைட்ரஜனைக் கொண்டே அம்மோனியா செய்யும் ஆலை ஏற்பட்டது முதல் இதன் உற்பத்தி பன்மடங்காயிற்று. நம் பக்கத்தில், ஆல்வாய்க்கு அடுத்த உத்தியோக மண்டலத்தில் 1943-இல் நிறுவப்பட்ட உரக் கம்பெனி 1947-இல் இதனை உற்பத்தி செய்யத் தொடங்கியது. நிலக்கரி எளிதில் கிட்டாமையால் அங்கே விறகை வாயுவாக்கி அதிலிருந்து அம்மோனியா செய்தார்கள் என்பது இக்காலத்தவருக்கு வியப்பாய் இருக்கலாம். பீஹாரில் அப்போதிருந்த சிந்திரி ஆலையில் 1951 முதல் கந்தகத் திராவகம் இன்றியே, ஜிப்ஸத்தையும் அம்மோனியாவையும் கரியமில வாயுவையும் சேர்த்து இதே உரத்தைச் செய்தனர். தற்காலத்தில் உலகில் விற்பனையாகும் அம்மோனியம் ஸல்பேட்டில் பெரும் பகுதி, நைலான் நூலுக்கு மூலப்பொருள் செய்யும் ஆலைகளில் உபபொருளாகக் கிடைப்பதாகும். எவ்வழியில் செய்யப்பட்டாலும் சுத்தமான சரக்கின் குணம் ஒன்றே.

நூறு கிலோ அம்மோனியம் ஸல்பேட்டில் ஏறத்தாழ 21 கிலோ தழைச்சத்தும் 24 கிலோ கந்தகமும் அடங்கியிருக்கின்றன. 50 கிலோ மூட்டை ஒன்றில் தழைச்சத்து சுமார் 10½ கிலோ. 45 கிலோ யூரியா மூட்டையிலோ சுமார் 20¾ கிலோ. ஆகவே தழைச்சத்தை மட்டும் நோக்கினால் இதன் இரண்டு மூட்டைகள் யூரியாவின் ஒரு மூட்டைக்கு ஈடாகும். மூட்டைக்கு மூட்டை விலையை ஒப்பிட்டு வாங்குபவர் இதனை மறந்து ஏமாறுகிறார். அதே சமயம் 12 கிலோ கந்தகமும் அம்மூட்டையில் உள்ளது. அதற்கு மதிப்பே இல்லை என்று கணக்கிடுவதும் தவறு. நிலக்கடலை, எள், கடுகு, வெங்காயம் முதலிய பயிர்களுக்குக் கந்தகம் இன்றியமையாதது. பல வருஷங்களாக யூரியாவும் கந்தகமற்ற உயர்தரக் கலப்பு உரங்களும் மட்டுமே இட்டு வந்த நிலங்களில் இளந்தளிர்கள் வெளுத்துப் போகுமானால், தழைச்சத்துக் குறைவு என்று உடனே முடிவு கட்டலாகாது. தழைச்சத்துக் குறைந்தால் முதலில் வெளுப்பது அடியிலைகள். கந்தகம் குறைந்தால் முதலில் வெளுப்பது நுனியிலைகள்.

நெல் வயலில் இடும் முறை

நீரில் இவ்வுரம் மிக எளிதில் கரையும். சாதாரண வெப்பமுள்ள நூறு பங்கு நீரில் 75 பங்கு உரம் கரைந்து விடும். அவ்வளவு எளிதில் கரைவது எல்லாம் நீரோடு ஓடி விடுமே என்று சிலர் ஐயுறுவர். அவ்வாறு ஆவதில்லை. கரைந்த அம்மோனியத்தைக் களிமண்ணின் நுண்துகள்கள் பற்றிக் கொள்ளுகின்றன. தண்டலையும் வண்டலும் கலந்த கனத்த மண்ணில் இப்பிடிப்பு அதிகம். மணற்பாங்கான மண்ணில் குறைவு. ஆதலின் மணல் நிலத்தில் சிறுகச் சிறுகப் பல தடவைகளாக இடவேண்டும்.

நெல் வயலின் சேற்றில் ஒரு விசேஷம் உண்டு. தேங்கிய நீரை ஒட்டியுள்ள மேற்சேறு, கனத்தில் விரற்கடைக்கும் குறைவாக, காற்றோட்டம் உள்ளதாய்ச் செந்நிறமாக இருக்கும். அதன் கீழே உள்ள சேறு காற்றற்றதாய்க் கருமை கலந்த நிறத்தில் இருக்கும். மேற்சேற்றில் தங்கும் அம்மோனியத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் நைட்ரேட்டாக மாற்றி விடுகின்றன. நைட்ரேட்டைக் களிமண் பற்றாது. அது நீரோடு கீழே இறங்கி, காற்றற்ற கருஞ்சேற்றை அடைந்தவுடன் வேறு நுண்ணுயிர்களால் சிதைக்கப்பட்டு, வெறும் நைட்ரஜன் வாயுவாகக் குமிழிட்டு வெளியேறுகிறது. காசு கொடுத்து வாங்கிய சரக்கு காற்றிலே கலந்து விடுகிறது. பயிருக்கோ உடையவனுக்கோ அது தெரிவதுமில்லை. ஆனால் அம்மோனியத்தை ஆரம்பத்திலேயே கருஞ்சேற்றுக்குள் செலுத்தி விட்டால் அது அம்மோனியமாகவே அங்கே தங்கி, வேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிடைக்கும். ஜப்பான் தேசத்து மண்ணியல் அறிஞர் ஷியோயிரி 1940-களில் இவ்வுண்மையைத் தெளிவாக எடுத்துக் காட்டினார்.

இதனால் ஏற்படும் நடைமுறை இது. அடியுரமாக இடும் பங்கை, நடவு வயலில் நீர் தேங்கி நிற்கும்போது வீசி விட்டு விடலாகாது. கடைசி உழவுக்கு முன் நீரை வடித்து, சேற்றின் மேல் உரத்தைச் சீராகத் தூவி, உழுது மடக்கி, பரம்படித்து, அதன் பின்னர் நீர் கட்ட வேண்டும். மேலுரமாக இடும்போதும் நீரை வடித்து, சேறு மட்டும் நிற்கும் பதத்தில் உரத்தைத் தூவி, கைக்களை எடுத்தோ, உருளைக் களையெடுப்பான் கொண்டோ சேற்றோடு சேர்த்து, ஒரு நாளோ இரு நாளோ கழித்து நீர் பாய்ச்சுதல் உத்தமம். மடையை அடைக்காமல் உரத்தைத் தூவுகிறவர் பக்கத்து வயலுக்குத் தர்மம் செய்கிறார் என்றே சொல்லவேண்டும். அது மட்டுமன்று, வடிகால் நீரில் கலந்த அம்மோனியா குட்டையிலுள்ள மீன்களுக்கு நஞ்சு.

தூவும் நேரமும் கவனிக்கத்தக்கது. பனி ஈரமோ மழை ஈரமோ இலைகளில் இருக்கையில் தூவினால் பரல்கள் இலையில் ஒட்டிக் கரைந்து இலை கருகிப் புள்ளி விழும். ஈரம் உலர்ந்த பின்னரே தூவுதல் வேண்டும். ஏக்கருக்கு ஒரு தடவைக்கு ஒரு மூட்டைக்கு மேல் மேலுரம் இடுதல் பெரும்பாலும் அநாவசியம். தூர் கட்டும் பருவத்தில் ஒரு தடவையும், கதிர் உள்ளே உருவாகத் தொடங்கும் பருவத்தில் ஒரு தடவையும் பிரித்து இடுவது நலம். முழு அளவு, மண் பரிசோதனை அட்டையையும் நெல்லின் வயதையும் பொறுத்தது. பயிர் கரும்பச்சையாகத் தழைப்பதைக் கண்டு மகிழ்ந்து மேலும் மேலும் இடுகிறவருடைய வயலிலேயே குலை நோயும் புகையானும் முந்திக் காண்கின்றன. கதிர் முற்றும் தறுவாயில் பயிர் சாய்வதும் அங்கேதான். தொழுவுரமும், கொழிஞ்சி, சணப்பு முதலிய பசுந்தழையும் இட்ட வயலில் இவ்வுரம் குறைந்த அளவிலேயே நல்ல பலன் தரும். தழையுரத்தை அடியோடு கைவிட்டு உப்பை மட்டும் நம்புவது ஒரு நாளும் சரியன்று.

ஏற்ற நிலமும் ஏலாத நிலமும்

அம்மோனியம் ஸல்பேட் மண்ணில் புளிப்பை உண்டாக்கும் உரம். அம்மோனியம் நைட்ரேட்டாக மாறுகையில் புளிப்பு உண்டாகிறது. அப்புளிப்பு மண்ணிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்து நீரோடு கொண்டு போய் விடுகிறது. நூறு கிலோ உரத்தால் ஏற்படும் புளிப்பை முறிக்கச் சுமார் 110 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் தேவைப்படும். ஒரு வருஷத்தில் இது தெரியாது. தலைமுறைக் கணக்கில் தெரியும். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ், கில்பர்ட் என்னும் இருவர் 1856-இல் தொடங்கிய புல்வெளிப் பரிசோதனை இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கே சுண்ணாம்பு இடாமல் வருஷந்தோறும் அம்மோனியம் ஸல்பேட் மட்டும் இட்டு வந்த பாத்திகளில், மண் கடும் புளிப்பேறி, பலவகைப் பூண்டுகள் அழிந்து, சில புல்வகைகளே மிஞ்சின. மண்புழுவும் நுண்ணுயிரும் குன்றியமையால் உதிர்ந்த புல் மக்காமல் பாய் போலப் படிந்து கிடக்கிறது.

இதனைப் படித்துக் காவிரிப் படுகையிலுள்ளோர் அஞ்ச வேண்டியதில்லை. நீர் தேங்கிய நெல் வயலில் மண்ணின் புளிப்பு தானே தணிந்து நடுநிலையை நாடும். படுகை மண்ணில் சுண்ணாம்புச் சத்தும் போதிய அளவு உண்டு. கவனிக்க வேண்டியவர்கள் நீலகிரி போன்ற மலைப்பாங்கிலும், செம்புறை மண்ணிலும், மழை மிகுந்த சரிவுகளிலும் பயிரிடுவோர். தேயிலைக்குப் புளிப்பு மண்ணே உகந்ததாயினும் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அவ்விடங்களில் அவ்வப்போது டாலமைட் தூள் இட்டுப் புளிப்பைத் தணிக்க வேண்டும். சுண்ணாம்பையும் இவ்வுரத்தையும் ஒரே சமயத்தில் இடாமல், சுண்ணாம்பு இட்டு இரண்டு மூன்று வாரங்கள் சென்ற பின்னரே உரத்தை இடவேண்டும். அதற்குரிய காரணம் பின்னால் விளங்கும்.

சுக்கான் கல் கலந்த கோயமுத்தூர்ப் பக்கத்துக் கரிசல் நிலங்களிலும் களர் நிலங்களிலும் இவ்வுரத்தின் புளிப்பு தீமையன்று; நன்மையே. ஆனால் அங்கே வேறொரு சேதம் காத்திருக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணின் மேற்பரப்பில் இவ்வுரம் கிடந்தால், அம்மோனியா ஆவியாகப் பிரிந்து போய்விடும். அந்நிலங்களில் பார் ஓரத்தில் சிறு சால் கீறி, மூன்று நான்கு விரற்கடை ஆழத்தில் உரத்தை இட்டு மண்ணால் மூடி, உடனே தண்ணீர் கட்டவேண்டும். பருத்திக்கும் கரும்புக்கும் இவ்வழியே தக்கது. விதையோடும் வேரோடும் உரம் நேரில் ஒட்டாதபடி சற்று ஒதுக்கி இடுதல் அவசியம்.

இவ்வுரம் ஏலாத நிலமும் ஒன்று உண்டு. இரும்புச் சத்துக் குன்றிய மணல் வயலில், தழையும் தாளும் ஏராளமாக மடக்கி, நீர் வடியாமல் நெடுநாள் தேங்க விட்டால், இவ்வுரத்திலுள்ள கந்தகம் அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சு வாயுவாக மாறி வேரைத் தாக்கும். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர்கள் வெண்மையாகவோ செந்நிறமாகவோ இல்லாமல் கருத்திருக்கும். அத்தகைய வயலில் நீரை வடித்துச் சில தினங்கள் காயவிடுவதுடன், தழைச்சத்துக்கு யூரியாவைக் கொள்வதே தக்கது.

எதனோடு கலக்கலாம், எதனோடு கலக்கலாகாது

கையளவு அம்மோனியம் ஸல்பேட்டுடன் சிறிது சுண்ணாம்பையும் ஈரத்தையும் சேர்த்துத் தேய்த்தால் கண்ணில் நீர் வருவிக்கும் நெடி எழும். அந்த நெடிதான் தழைச்சத்து. சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல், ஆலைச் சாம்பல் இவற்றில் எதனோடு கலந்தாலும் இதே சேதம் நேரும். சாம்பலில் சாம்பல்சத்து இருக்கிறது, உப்பில் தழைச்சத்து இருக்கிறது, இரண்டையும் கலந்து ஒரே கையாகத் தூவினால் கூலி மிச்சம் என்று எண்ணுவது இயற்கை. கூலியில் மிச்சப்படுவதைப் போல் பல மடங்கு உரத்தில் போய்விடும். சூப்பர் பாஸ்பேட்டுடன், இடும் தினத்தன்று, உலர்ந்த நிலையில் கலந்து கொள்ளலாம். பொடித்த வேப்பம் பிண்ணாக்குடன் கலந்து இடுவது மிகவும் நன்று. வேம்பின் கசப்பு, அம்மோனியம் நைட்ரேட்டாக மாறும் வேகத்தைத் தாமதப்படுத்துகிறது.

கிராமக் கிணறுகளைச் சுத்தி செய்வதற்கென வெளுப்புத்தூள் வாங்கி வைக்கும் அதிகாரிகள் இதனை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். வெளுப்புத்தூளும் அம்மோனியம் ஸல்பேட்டும் ஈரத்தில் ஒன்று சேர்ந்தால் நெஞ்சை அடைத்து நுரையீரலைப் புண்ணாக்கும் நச்சாவி எழும். வெடிக்கும் இயல்புள்ள பொருளும் அதில் உண்டாகக்கூடும். இரண்டும் வெண்ணிறமானவை, இரண்டையும் ஒரே அறையில் வைப்பதே தவறு. ஒரே முறத்தாலோ வாளியாலோ இரண்டையும் எடுத்தல் இன்னும் பெருந்தவறு.

அம்மோனியம் ஸல்பேட் தனித்து எரிவதுமில்லை, வெடிப்பதுமில்லை. ஆனால் அம்மோனியம் நைட்ரேட் கலந்தால் நிலைமை மாறும். முன்னே குறிப்பிட்ட ஓப்பௌ ஆலையில், இவ்விரண்டும் கலந்த உரம் சுமார் 4,500 டன் குவிக்கப்பட்டு, ஈரத்தால் பாறை போல் இறுகிக் கிடந்தது. அதனை உடைக்கச் சிறு வெடிகள் வைப்பது அங்கே வழக்கம். பல்லாயிரம் தடவை தீங்கின்றி நடந்த காரியம். 1921-ஆம் வருஷம் செப்டம்பர் 21-ஆம் தேதி வைத்த வெடியில் குவியலின் ஒரு பகுதியே வெடித்து, ஐந்நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர், ஊரும் பாழாயிற்று. நம் விவசாயி கட்டி உடைக்க வெடி வைக்கப் போவதில்லை என்பது உண்மையே. ஆயினும் நைட்ரேட் சேர்ந்த உரங்களையும், பாறை உடைப்போர் வைத்திருக்கும் மருந்துகளையும் இதனோடு ஒரே கொட்டகையில் அடுக்கலாகாது என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டியதில்லை. இறுகிய கட்டிகளை மரச் சுத்தியால் தட்டி, சல்லடையில் சலித்துக் கொள்ளலாம். இறுகியதனால் சத்துக் குறைவதில்லை.

காற்றில் ஈரம் 79 சதவீதத்திற்கு மேற்படும்போது இவ்வுரம் ஈரத்தை இழுக்கத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கடலோர ஜில்லாக்களில் அந்நிலை சாதாரணம். ஆகவே மூட்டைகளைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகையின் மேல் அடுக்கி, பிரித்த மூட்டையை இறுகக் கட்டி வைக்க வேண்டும். ஈரமேறிய உரம் இரும்பைத் துருவாக்கும். செம்பு, பித்தளை, தகரப் பூச்சு யாவற்றையும் அரிக்கும். சிமெண்டுத் தரையையும் நாளடைவில் பொரியச் செய்யும். தூவிய பின் வாளியையும், உரமிடும் கருவியையும் கழுவாமல் வைத்து மறு போகத்தில் எடுப்பவருக்கு அது நன்றாய்த் தெரிந்திருக்கும். தூவுகிறவர் காற்றுக்கு முதுகு காட்டி நடந்து, கையில் வெட்டுக்காயம் இருந்தால் உறை அணிந்து, வேலை முடிந்ததும் கையைக் கழுவிய பின்னரே வெற்றிலையும் உணவும் எடுக்க வேண்டும். கண்ணில் தூள் விழுந்தால் கசக்காமல் நல்ல நீரை நெடுநேரம் விட்டுக் கழுவுதல் வேண்டும்.

மிஞ்சிய உரத்தைச் சமையலறைப் பக்கம் பெயர் எழுதாத டப்பாவில் வைப்பது பெரும் அபாயம். அதனைவிட அடிக்கடி நேரக்கூடியது மாட்டுக்கு வரும் ஆபத்து. மாடு உப்புச் சுவைக்கு ஆசைப்படும். கிழிந்த மூட்டையை நக்கும்; காலிச் சாக்கை அலசிய தொட்டி நீரைக் குடிக்கும்; உரம் கரைத்த வாளியில் வாய் வைக்கும். அம்மோனியா இரத்தத்தில் மிகுந்தால் மாடு நடுங்கி, வாயில் நுரை தள்ளி, வயிறு உப்பி, சில மணி நேரத்திற்குள் விழுந்து விடும். நடுங்கும் மாட்டின் வாயில் எதையும் கட்டாயமாக ஊற்றினால் அது மூச்சுக்குழலில் இறங்கக்கூடும். தாமதியாமல் கால்நடை வைத்தியரை வரவழைத்து, மாடு தின்றது அல்லது குடித்தது இன்னது என்று மறைக்காமல் சொல்ல வேண்டும். வைத்தியத்திற்கு அதுவே பாதி உதவி. காலிச் சாக்குகளைத் தவிடு, பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு இவற்றை வைக்க உபயோகிக்கலாகாது. உரத்தை இறக்கி வைக்கும் இடம் தொழுவத்திற்கு அப்பால் கதவுள்ள அறையாய் இருத்தல் வேண்டும்.

வாங்கும் சரக்கு சுத்தமானதா என்பதை வீட்டிலேயே ஒருவாறு அறியலாம். முன்சொன்னபடி ஈரச் சுண்ணாம்புடன் தேய்த்தால் நெடி எழவேண்டும், கறியுப்பில் எழாது. நன்கு காய்ந்த இரும்புத் தகட்டின் மேல் ஒரு சிட்டிகை இட்டால் சுத்தமான சரக்கு உருகி, வெண்புகையாகி, ஏறக்குறைய முற்றிலும் மறைந்து விடும், கறியுப்பு படபடவென்று வெடித்து அங்கேயே தங்கும், மணலும் தங்கும். இச்சோதனையைத் திறந்த வெளியில், புகையைச் சுவாசியாமல் செய்தல் வேண்டும். இவை சந்தேகத்தை எழுப்பவும் தீர்க்கவும் உதவுமேயன்றி, வழக்குக்குச் சான்றாக மாட்டா. சந்தேகம் வலுப்பட்டால், 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி நியமனம் பெற்ற உர ஆய்வாளர் முறைப்படி மாதிரி எடுத்துச் சோதனைச் சாலைக்கு அனுப்புவார். அதற்கு, சரக்கு வாங்கிய ரசீதும், பிரிக்காத மூட்டை ஒன்றும், மூட்டையின் மேல் அச்சிட்ட விவரம் அழியாத நிலையில் இருத்தலும் மிகவும் உதவும். ரசீது கேட்டால் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று கூச்சப்பட்டு, வெறுங்கையுடன் திரும்பிய பிறகு கிராம அதிகாரியிடம் முறையிடுபவருக்கு அவரால் செய்யக்கூடியது அதிகமில்லை.